தண்ணீர் இல்லாத ஊர்

மல்லேஸ்வரம், பெங்களூர்
12-6-1958

அம்மாவுக்கு பாமா அநேக நமஸ்காரம். இங்கே உங்கள் பிள்ளையும் நானும் சௌக்கியம். உங்கள் கண் எரிச்சல் குறைந்ததா? அடுப்புப் புகையில் ரொம்ப நேரம் உட்காராதீர்கள்.

ஒரு நல்ல சேதி. அவருக்கு ஆடி மாதத்தில் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. கல்யாணமான முதல் ஆடிக்கு என்னைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய்ப் போட்டீர்கள். இந்த ஆடிக்காவது நாங்கள் சேர்ந்து எங்கேயாவது போகலாம் அல்லவா? மழைக்காலத்தில் எங்கே போவது என்று தினமும் ராத்திரி சாப்பாட்டோடு சேர்த்து விவாதம். அவர் ஜோக் நீர்வீழ்ச்சிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். மற்ற மாதங்களில் அது வெறும் பாறையாம், ஆடி மழையில் போனால்தான் பார்த்ததாகுமாம்.

கீரைக்காரி லட்சுமம்மாவிடம் சொன்னேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்த மழையில ஜோக்குக்கா? வேணாம் அம்மணி. வுழுற சத்தத்துலயே காது பூடும்."

"நீ போய்ப் பார்த்திருக்கியா?"

"நான் எங்க போறேன்? எனக்கு அல்சூர் ஏரியே ஜாஸ்தி."

நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் அவர் டிக்கெட் வாங்கிவிடுவார். உங்கள் ஆசீர்வாதத்தைக் கோரும்,

பாமா

---

லால்குடி
17-6-1958

அண்ணாவுக்கு பாகீரதி நமஸ்காரம். மன்னியின் முழங்கால் தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் கிடந்து அடித்துக்கொள்கிறது.

பாமா கடிதம் எழுதியிருக்கிறாள். ஸ்ரீகண்டன் அவளைக் கூட்டிக்கொண்டு ஜோக் நீர்வீழ்ச்சிக்குப் போகப்போகிறானாம். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்குத் தெரியாததில்லை. அவன் பிறந்தபோது அறை வாசலில் கடிகாரத்தோடு நின்று நேரம் குறித்தவன் நீ. அந்த நேரத்தை வைத்துத்தான் ஜாதகம் எழுதினார்கள். இருபத்தெட்டு வயது முடிகிறவரை ஜலத்தில் கண்டம் என்று ஜோஸ்யர் சொன்னபோது அவன் அப்பாவும் நீயும் நானும்தான் இருந்தோம். பிள்ளையிடம் மட்டும் சொல்லவே கூடாது, சொன்னால் கண்டத்துக்கு நாமே வழி காட்டினது போல் ஆகும் என்றார். அவன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இதைச் சுமக்க நீயும் நானும்தான் பாக்கி.

எட்டு வயதில் கொள்ளிடத்தில் விழுந்தானே, வண்ணான் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டானே, அந்த ஈரத்தலை இன்னும் என் மடியில் இருக்கிறது. வருகிற மார்கழியோடு இருபத்தெட்டு முடிகிறது. இத்தனை வருஷம் காப்பாற்றிவிட்டு, இந்த ஆறு மாதத்தில் கோட்டை விடுவேனா? எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. ஏதாவது சொல்லித் தடுத்துவிடு. காரணத்தை மட்டும் அவனிடமோ பாமாவிடமோ சொல்லாதே. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

பாகீரதி

---

சேஷாத்ரிபுரம், பெங்களூர்
24-6-1958

சௌக்கியமாக இருக்க வேண்டிய பாகீரதிக்கு வெங்கடராமன் ஆசீர்வாதம். மன்னியின் முழங்கால் மழை வருவதை வானிலை ஆபீசுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. மற்றபடி க்ஷேமம்.

முதலில் ஒன்று. அந்தக் கடிகாரம் அந்தக் காலத்தில் நாளைக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஓடும். அன்றைக்கே சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கண்டம் ஸ்ரீகண்டனுடையதோ, பக்கத்து வீட்டில் பத்து நிமிஷம் கழித்துப் பிறந்தவனுடையதோ, யார் கண்டது? சிரிக்கமாட்டாய் என்று தெரியும். சரி, உன் வழிக்கே வருகிறேன்.

லீவில் எங்கேயும் போகாதே என்றால் பிள்ளை கேட்கமாட்டான். வேறு ஊருக்குத் திருப்பிவிட வேண்டும். எனக்குச் சித்ரதுர்காதான் தோன்றுகிறது. தாலுகா அமல்தார் ஆபீசில் நான் ரெண்டு வருஷம் அங்கே குப்பை கொட்டியிருக்கிறேன். பெங்களூரில் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது அங்கே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கே பார்த்தாலும் பாறை, அதன்மேல் பெரிய கோட்டை. குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். கடல் இல்லை, அருவி இல்லை. உனக்காகவே கட்டின ஊர்.

ஜோக் வேண்டாம் என்று நீ எழுது. மற்றதை நான் நேரில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். தைரியமாக இரு.

வெங்கடராமன்

---

லால்குடி
28-6-1958

சௌ. பாமாவுக்கு அநேக ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. கண் எரிச்சல் குறைந்திருக்கிறது.

ஜோக் வேண்டாம். மழைக்காலத்தில் அங்கே அட்டை கடிக்கும் என்று கேள்விப்பட்டேன். குளிர் வேறு உனக்கு ஆகாது. மலை, அருவி, சமுத்திரம் எல்லாம் தை மாசத்துக்குப் பிறகு எத்தனை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். நான் தடுக்கவே மாட்டேன். இப்போது எங்கேயாவது உலர்ந்த இடமாகப் போய்விட்டு வாருங்கள்.

ஸ்ரீகண்டன் ஆபீசுக்கு எந்த வழியாகப் போகிறான்? சைக்கிளிலா, பஸ்ஸிலா? அதையும் எழுது.

பாகீரதி

---

மல்லேஸ்வரம், பெங்களூர்
8-7-1958

அம்மாவுக்கு பாமா நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம். அவர் ஆபீசுக்கு சைக்கிளில்தான் போகிறார், ஸாங்கி ஏரிக்கரை வழியாக. ஏன் கேட்டீர்கள்?

ஜோக்குக்கு அட்டை என்றீர்கள். போகட்டும், மங்களூர் போகலாம் என்றோம். மாமா குடையை மடித்துக்கொண்டே உள்ளே வந்து, உப்புக்காற்றில் கடிகாரம் கெட்டுவிடும் என்றார். குற்றாலம் என்றால் குரங்கு. தலைக்காவேரி என்றால் பஸ் சரியில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மழைக்காலத்துல தண்ணி இல்லாத ஊர் எது மாமா, நீங்களே சொல்லுங்கோ" என்றேன். பதில் தயாராக வாயில் இருந்திருக்கிறது. "சித்ரதுர்கா!"

அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். ஜோக்குக்காக என்னோடு ஒரு மாதம் வாதாடினவர் ஆயிற்றே. ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மாவுக்கு நிம்மதின்னா அங்கேயே போலாம்" என்றார். மாமா உங்கள் பேச்சை எடுக்கவே இல்லை, அம்மா. உங்களுக்கு நிம்மதி என்று அவருக்கு எப்படித் தோன்றியது?

என்னிடம் சொல்லாத விஷயம் ஏதோ இருக்கிறது. பரவாயில்லை, மாமாவைக் கிண்டினால் வந்துவிடும். இருபத்தெட்டாம் தேதி கிளம்புகிறோம். போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போடுகிறேன்.

பாமா

---

லால்குடி
12-8-1958

அண்ணாவுக்கு பாகீரதி நமஸ்காரம். அங்கே எல்லோரும் க்ஷேமம் என்று நம்பி எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்ததும் கார்டு போடுகிறேன் என்றாள். வரவில்லை. லீவு முடிந்திருக்க வேண்டும், திரும்பி வந்த சேதியும் இல்லை. நீயும் எழுதவில்லை. ஆடிப்பெருக்கன்று ஊர் முழுக்கச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போயிற்று. நான் போகவில்லை. கொள்ளிடம் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறதாம். என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்கு வந்துவிடுகிறேன். அவர் கையில் இருப்பதில் எதற்காவது மூலையில் கறுப்பு தடவியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். நேற்று தந்திக்காரர் சைக்கிள் நம் வீட்டு வாசலில் நின்றது. எதிர்வீட்டு நம்பர் கேட்டார். அவ்வளவுதான். அதற்குள் நான் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எதுவானாலும் எழுது. எதுவானாலும் என்று எழுதவே கை வரவில்லை. நல்லதாகவே எழுது.

பாகீரதி

---

சேஷாத்ரிபுரம், பெங்களூர்
16-8-1958

பாகீரதிக்கு ஆசீர்வாதம். இருவரும் ஏழாம் தேதியே திரும்பிவிட்டார்கள். ஸ்ரீகண்டன் ஆபீஸ் போகிறான். பாமாவுக்குக் கொஞ்சம் அசதி, படுத்திருக்கிறாள். கவலைப்பட ஒன்றும் இல்லை.

அங்கேயும் இந்த வருஷம் மழை பெய்ததாம். நான் எதிர்பார்க்கவில்லை.

கொஞ்ச நாளைக்கு பாமாவுக்குத் தண்ணீர், ஏரி என்று எதையும் எழுதாதே. மற்றவை பிறகு.

வெங்கடராமன்

---

மல்லேஸ்வரம், பெங்களூர்
5-9-1958

அம்மாவுக்கு நமஸ்காரம். உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அவர் சௌக்கியம். நான் சௌக்கியம் என்று எழுத முடியவில்லை.

எனக்கு எல்லாம் தெரியும், அம்மா. மாமாவைத் திட்டாதீர்கள், நான்தான் விடாமல் கிண்டினேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் ரயிலேறும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சித்ரதுர்காவில் நாங்கள் இறங்கிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. நாங்கள்தான் மழையைக் கூட்டிக்கொண்டு வந்தோம் என்று சத்திரத்துக்காரர் காப்பிக்குக் காசு வாங்கவில்லை. நாலாம் நாள் வெறித்தது, கோட்டைக்கு ஏறினோம். கோட்டை கட்டினவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டாமா? மாமாவுக்கு அது தோன்றவே இல்லை. பாறைகளுக்கு நடுவே பெரிய குளம், படியெல்லாம் முழுகி, கறுப்பாக நிறைந்து கிடந்தது. அவர் சட்டையைக் கழற்றினார்.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று நான் சொல்லக் கூடாதே, அம்மா. அவர் குதித்துவிட்டார். தண்ணீர் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அலைகூட இல்லை. நான் கத்தின கத்தலில் கீழேயிருந்து காவல்காரர் ஓடி வந்தார். அப்புறம்தான் எதிர்ப்பக்கம் தலை தெரிந்தது. ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். சிரித்துக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதற்கு மேல் எனக்கு நினைவில்லை, மயக்கம் போட்டுவிட்டேன்.

நாள் தள்ளிப் போயிருக்கிறது. அதனால் வந்த மயக்கம் என்று லேடி டாக்டர் சொன்னார். சந்தோஷமாக எழுத வேண்டிய சேதி, இப்படி எழுதுகிறேன்.

இப்போது எனக்கு எங்கே பார்த்தாலும் தண்ணீர். அண்டாவில் ரொப்பி வைப்பதில்லை. அவர் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நிற்கிறேன், செம்புச் சத்தம் நின்றால் கூப்பிடுகிறேன். ஸாங்கி ஏரி வழியாகப் போகக் கூடாது என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தெருவே பார்த்தது. "பைத்தியம் பிடிச்சுடுத்தா உனக்கு?" என்று கத்திவிட்டார். இரண்டு நாளாகப் பேச்சில்லை. டாக்டர் என்னைத் தூங்கச் சொல்கிறார், இல்லாவிட்டால் குழந்தை தங்காது என்கிறார். மழை கொட்டுகிறது. மணி ஆகிவிட்டது, அவர் இன்னும் வரவில்லை. நான் எப்படித் தூங்குவது?

நீங்கள் எப்படி அம்மா இத்தனை வருஷம் தூங்கினீர்கள்?

பாமா

---

லால்குடி
12-9-1958

சிரஞ்சீவி ஸ்ரீகண்டனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம்.

பாமாவைத் திட்டாதே. அவளுக்குப் பைத்தியம் இல்லை. அது என் பயம், அவளிடம் தொற்றிக்கொண்டுவிட்டது.

உன் ஜாதகத்தில் இருபத்தெட்டு முடிகிறவரை ஜல கண்டம் இருக்கிறது. உன்னிடம் சொல்லவே கூடாது என்று ஜோஸ்யர் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னார். சொல்கிறேன். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணும் அவள் வயிற்றில் இருப்பதும் போய்விடும். உனக்கு ஒன்று ஆகிவிடும் என்று பயந்து பயந்து, உன் குழந்தையை நானே வாரிக்கொடுப்பதா?

நீ சின்ன வயதில் குளத்தில் இறங்க அழுதபோதெல்லாம் ஜலதோஷம், கண்வலி என்று பொய் சொன்னேன். நீச்சல் கற்றுக்கொள்கிறேன் என்றபோது இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்தேன், ஞாபகம் இருக்கும். ஜோக்குக்கு அட்டை என்றதும் பொய்தான். அட்டை இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியாது.

இதைத் தபால் பெட்டியில் போட்டால் திரும்ப எடுக்க முடியாது. கடிதம் கிடைத்த அன்றே பதில் போடு. மார்கழி வரைக்கும் ஜாக்கிரதையாக இரு. இதற்குப் பிறகு நான் வேண்டாம் என்று எதையும் சொல்லமாட்டேன்.

அம்மா

---

மல்லேஸ்வரம், பெங்களூர்
14-10-1958

அம்மாவுக்கு ஸ்ரீகண்டன் நமஸ்காரம். உடனே பதில் போடச் சொன்னாய். ஒரு மாதம் ஆக்கிவிட்டேன். கறுப்பு மூலையைத் தேடிக்கொண்டு வாசலில் நின்றிருப்பாய் என்று தெரியும். மன்னித்துக்கொள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

எனக்கு இது முன்பே தெரியும், அம்மா. கொள்ளிடத்தில் விழுந்த அன்றைக்கு ராத்திரி என்னை மடியில் போட்டுக்கொண்டு அப்பாவிடம் எல்லாம் சொல்லி அழுதாய். "ஜோஸ்யர் சொன்னது நடந்துடும்போல இருக்கே" என்றாய். நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் நீ தாங்கமாட்டாய் என்று சொல்லவில்லை. திருச்சியில் காலேஜில் படிக்கும்போது ஒரு கமலைக் கிணற்றில் திருட்டுத்தனமாக நீச்சல் கற்றுக்கொண்டேன். தைரியம் வந்து கற்றுக்கொண்டேன் என்று நினைக்காதே. ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது இன்றைக்குத்தானோ என்று இருக்கும். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான். ஜோக்குக்குப் போகவேண்டும் என்றதும் அதற்குத்தான். இருக்கிறதிலேயே பெரிய தண்ணீரை ஒரு தரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால் இது விட்டுப்போகும் என்று ஒரு எண்ணம்.

சித்ரதுர்காக் குளத்தில் அடிக்குப் போனதும் கால் இழுத்துக்கொண்டது. எதிர்க்கரைக் கல்லைப் பிடித்தவன் விரலைப் பிரிக்க முடியாமல் அப்படியே இருந்தேன். அந்த நடுக்கத்தை பாமாவிடம் மறைப்பதற்குத்தான் அப்புறம் அவளிடம் எரிந்து எரிந்து விழுந்தேன்.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தேன். தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். "அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து என்னை மட்டும் தனியாப் பயப்பட விட்டேளே" என்றாள். ராத்திரி நன்றாகத் தூங்கினாள். மார்கழி வரை ஏரிக்கரைப் பக்கம் போவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழந்தை பிறக்கும்போது வாசலில் யாரும் கடிகாரத்தோடு நிற்க வேண்டாம். நேரம் தெரியாவிட்டால் ஜாதகம் எழுத முடியாது. எழுத வேண்டாம், அம்மா. இதற்கு நீ சம்மதிக்க வேண்டும்.

ஸ்ரீகண்டன்

---

சேஷாத்ரிபுரம், பெங்களூர்
18-4-1959

சௌ. பாமாவுக்குப் பெண் குழந்தை! நாலு மூலையிலும் நானே மஞ்சள் தடவியிருக்கிறேன், பார்த்துக்கொள். தாயும் சேயும் க்ஷேமம். உன் பிள்ளையும் உயிரோடு, முழுசாக, கொட்டாவி விட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். மார்கழி போய், தை போய், சித்திரையும் வந்துவிட்டது, பாகீரதி.

கடிகாரத்தைப் பற்றி அவன் அக்டோபரில் கேட்டதற்கு நீ இன்றைக்கு வரைக்கும் பதில் எழுதவில்லையாம். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள், பாமாவுக்குப் பத்தியம் இது என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாயாம். அதனால் அவன் யாரையும் நம்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே என் கடிகாரத்தைக் கழற்றி வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். பழக்க தோஷம், குழந்தை அழுத சத்தம் கேட்டதும் வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

பவுலின் என்று ஒரு நர்ஸ் வெளியே வந்தாள். "டைம் நோட் பண்ணிக்கிறீங்களா சார்? உங்காளுங்க எல்லாரும் கேப்பாங்களே" என்றாள்.

"வேணாம் சிஸ்டர்" என்றான் இவன்.

"பரவால்ல, எங்க ரிஜிஸ்டர்ல இருக்கும். எப்ப வேணும்னாலும் வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நாங்கள் கேட்கவில்லை. கோடை மழை பெய்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வருகிற ஆடியில் ஜோக் போகலாம் என்கிறான். கைக்குழந்தையை பாமாவின் அம்மா பார்த்துக்கொள்வாளாம். நீயும் கூட வருகிறாய் என்று பாமா சொல்கிறாள். நீயாவது, ஜோக்காவது! நிஜமா?

வெங்கடராமன்

---

லால்குடி
23-4-1959

அண்ணாவுக்கு பாகீரதி நமஸ்காரம். மஞ்சளைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். தபால்காரருக்குச் சர்க்கரை கொடுத்தேன். குழந்தைக்குப் பேர் வைக்கிற புண்ணியாகவாசனத்துக்கு முதல் நாளே வந்துவிடுவேன்.

ஜோக்குக்கு வருவது நிஜம். பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. கண்டம் முடிந்துவிட்டது என்று தெரிந்தும், நேற்றுக்கூட வாளி நிரம்புகிற சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். அங்கே அவன் பக்கத்தில், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதற்கு மட்டும் யாரும் சிரிக்கக் கூடாது.

அவன் கேட்டதற்குச் சம்மதம் என்று சொல்லிவிடு. ஆறு மாதமாக அந்த ஒரு வார்த்தையை எழுத வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் இருக்கிறது என்பதை எனக்கு ஏன் எழுதினாய், அண்ணா? கடிதம் வந்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. இந்தக் கார்டின் மேலே ஒரு வரியை மை கொட்டி அடித்திருக்கிறேன். என்ன கேட்டிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதற்குப் பதில் எழுதாதே.

பாகீரதி